அர்த்தம் கேட்டால் டீ வாங்கி வர வேண்டும்

ஒரு மனிதரின் மூளைக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்த ஐந்து மாதமும் நான் அவர் எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் கடிஜோக்குகளுக்கு உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தப்பில்லை. அவை நல்ல ஜோக்குகள்தான். ஆனால் எது வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள். எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இத்தனை வருடமாகியும் எனக்கு மனம் வரவில்லை. தெரிந்துகொள்ள மறுத்தோம் என்பதுதான் சரி.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்த டுட்டோரியலில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். ப்ளஸ் டூவில் கோட்டை விட்டவர்கள் வந்து படிக்கும் இடம். ஒட்டுப்பலகை வைத்துத் தடுத்த மூன்று வகுப்பறை. பக்கத்து வகுப்பில் தும்மினால் இந்த வகுப்பில் கேட்கும். அதற்குப் பின்னால் பீரோ போட்டதுபோக மிச்சமிருந்த சந்துக்கு ஸ்டாஃப் ரூம் என்று பெயர். அதில் நாங்கள் மூன்று பேர். பிசிக்ஸ் சாருக்கு நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லியான ஆள், சேலையூரிலிருந்து சைக்கிளில் வருவார். கெமிஸ்ட்ரி சாருக்கு ஐம்பது தாண்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிற கனத்த குரல். எனக்கு இருபத்தாறு வயது, முதல் வேலை, குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வந்து போனேன். வாய்க்கொழுப்புக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லாதவள்.

எங்கள் வகுப்பில் தமிழ் மீடியமும் இங்கிலீஷ் மீடியமும் கலந்து உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் சொல்லியாக வேண்டும். தடை, ரெசிஸ்டன்ஸ். நிறை, மாஸ். மாறிலி, கான்ஸ்டன்ட். நாள் முழுவதும் இப்படி ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கடி போடும் வியாதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒருநாள் வடையோடு வந்த சட்னியில் மிளகாய் தூக்கலாக இருந்தது. கெமிஸ்ட்ரி சார் உஸ் உஸ் என்று, "என்ன காரம்பா இது" என்றார். பிசிக்ஸ் சார் பேப்பர் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல், "கொஞ்சம் புளியைக் கரைச்சு ஊத்துங்க சார். அமிலமும் காரமும் சேர்ந்தா உப்பும் தண்ணியும் வந்துரும். சட்னியில அது ரெண்டும்தான் குறைச்சலா இருக்கு" என்றார். கெமிஸ்ட்ரிக்காரருக்கே கெமிஸ்ட்ரியில் கடி. அதுதான் அவர் வழக்கம். மற்றவர் பாடத்துக்குள் புகுந்து அடிப்பார். வருகைப் பதிவேட்டை நீட்டி, "சைன் போடுங்க சார்" என்று நான் சொன்னால், "நானே ஒரு ஜீரோ. ஜீரோவுக்கு சைன் போட்டா ஜீரோதான் டீச்சர். காஸ் போடுறேன், ஒண்ணாவது வரும்" என்பார். மின்தடையின் அலகு என்ன என்று வகுப்பில் கேட்பார். ஓம் என்று எல்லோரும் கத்தினால், "அது புஸ்தகத்துல. சேலையூர்ல அதுக்கு அலகு மணிநேரம்" என்பார்.

நானும் சளைத்தவள் இல்லை. எங்கள் டுட்டோரியல் முதலாளி நாற்காலியில் காற்றடைத்த வளையம் போட்டு நெளிந்து நெளிந்து உட்காருவார். "சாருக்கு என்ன உடம்பு?" என்று கெமிஸ்ட்ரி சார் ஒருநாள் அப்பாவியாகக் கேட்டார். "வர்க்கமூலமா இருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்கும். கனமூலம் போலிருக்கு, ஆபரேஷன்தான்" என்றேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. அன்றைக்குத்தான் என்னை அந்தச் சந்தில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்த்துக்கொண்டதும் சட்டத்தைச் சொன்னார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். யார் கடி போட்டாலும் அதற்கு அர்த்தம் கேட்கக் கூடாது. கேட்டால் தோல்வி. கேட்டவர் எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி, எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போய் மூன்று பேருக்கும் டீ வாங்கி வர வேண்டும். அதோடு போகாது. பீரோவின் கதவில் எங்கள் பெயர்கள் சாக்பீஸால் எழுதியிருக்கும். கேட்டவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டியூப்லைட் படம் வரைவார்கள். அது சனிக்கிழமை வரை அழியாது. வருகிற பையன்கள் எல்லாம் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

முதல் மாதத்தில் எனக்கு நாலு டியூப்லைட். யூனிவர்சிட்டியில் இரண்டாவது இடம் வாங்கியவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கப்புறம் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். முதலில் சிரித்துவிடுவது, அப்புறம் ரயிலில் போகும்போது யோசிப்பது. குரோம்பேட்டை வருவதற்குள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டாலும் என்ன, சிரித்தாகிவிட்டது. கெமிஸ்ட்ரி சாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது.

நல்ல கடிகளை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தேன். தேதி, சொன்னவர், சொன்ன வாக்கியம். தரத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வரை நட்சத்திரம். நட்சத்திரம் போடுகிற அதிகாரத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

நான் சேர்ந்த மூன்றாவது வருடம், ஜூன் மாதத்தில் டுட்டோரியல் திறந்து இரண்டாவது வாரம். மதியம் பிசிக்ஸ் சார் மேஜைக்கு அடியிலும் பீரோ மேலும் எதையோ தேடினார். "என்னோட அடைப்புக்குறியைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அவருடைய டிபன் பாக்ஸ் ஜன்னல் விளிம்பில் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கணக்கில் எது எப்படி இருந்தாலும் முதலில் அடைப்புக்குறியைத்தான் திறந்து உள்ளே இருப்பதை முடிக்க வேண்டும். பசிக்கிறவனுக்கு டிபன் பாக்ஸ் அப்படித்தானே? என் பாடத்துக்குள் புகுந்து இப்படி ஒரு அடி அடித்துவிட்டாரே என்று பொறாமையாகக்கூட இருந்தது. கெமிஸ்ட்ரி சார் "ஆகா" என்றார். பிசிக்ஸ் சார் எங்கள் இருவரையும் ஒரு கணம் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். நான் நோட்டில் மூன்று நட்சத்திரம் போட்டேன்.

ஜூலையில் சாக்பீஸ் டப்பாவைக் காட்டி, "ஒரு தீக்குச்சி குடுங்க" என்றார். வெளியே தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் ஜன்னலைப் பார்த்து, "நல்ல தராசு பெய்யுது" என்றார். நாங்கள் சிரித்தோம். பல்லாவரம் தாண்டி, திரிசூலம் தாண்டி, என் ஸ்டேஷனையே தவறவிட்டு பரங்கிமலை வரை போய் யோசித்தும் அந்தத் தராசு எனக்குப் பிடிபடவில்லை. அதனால் அது பெரிய ஜோக்காக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நம் புத்தி அப்படி. புரியாததை மேலே தூக்கி வைத்துக் கும்பிடும். மனிதர் கடியைத் தாண்டிக் கவிதைக்குப் போய்விட்டார் என்று கெமிஸ்ட்ரி சாரிடம் சொன்னேன். "ஆமாம்மா, இப்பல்லாம் லெவலே வேற" என்றார் அவர். குரலில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. நான் அதைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்திருந்தால் எனக்கும் புரியவில்லை என்பது வெளியே வந்திருக்கும்.

வேறு சிலவும் கண்ணில் பட்டன. போர்டில் அவர் எழுத்து வலது பக்கம் போகப் போகக் கீழே சரிந்தது. சாக்பீஸ் கையிலிருந்து அடிக்கடி நழுவி விழுந்தது. நெற்றியின் இடது பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் வர ஆரம்பித்தார். கேட்டால், வெயில் என்றார். ஆடி மாதக் காற்றில் என்ன வெயில் என்று நான் கேட்கவில்லை. அதுவும் ஒரு ஜோக்கின் ஆரம்பமாக இருந்துவிட்டால்?

ஒருநாள் மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செங்கல்பட்டு பக்கம் போகிற ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த... அந்த நாலரை ஆப்பம் போயிடுச்சா?" என்றார். கெமிஸ்ட்ரி சார் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் வாயைப் பார்த்தார், கெமிஸ்ட்ரி சார் வாயைப் பார்த்தார். கூட்டத்தில் குழந்தையின் கையைத் தவறவிட்ட ஆள் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. உதட்டை இரண்டு முறை அசைத்தார், சத்தம் வரவில்லை. அப்புறம் மெதுவாக அவரும் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அன்று இரண்டு நட்சத்திரம்.

அவருக்கே தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். வாயில் வருவது தான் நினைத்த சொல் இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒவ்வொரு தடவையும் அவர் பயந்துபோய் எங்களைப் பார்த்தார். நாங்கள் கைதட்டி அவரை உள்ளேயே தள்ளி மூடினோம். ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் பயந்தவன் ஒளியத்தானே செய்வான்?

முதலில் கண்டுபிடித்தவர் டீக்கடை அண்ணன். அவர் எங்கள் சட்டத்துக்கு வெளியே இருந்தவர். ஒருநாள் தூக்கை நீட்டியபோது, டீயை ஊற்றாமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், பிசிக்ஸ் சாருக்கு இன்னா ஒடம்புக்கு? ஒரு வாரமா பாத்துகினு கீறேன். நேத்து வந்து ஒரு ஆணி குடுன்றாரு. இன்னா ஆணி சார்னேன். திருப்பியும் ஆணின்றாரு. கைல டீ கிளாஸக் குட்த்தா புடிக்க முடில, கீழ வுட்டுட்டாரு. மூஞ்சியே சரியில்ல. இட்டுகினு போயி டாக்டராண்ட காட்டுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ஜோக்கு அண்ணா. உங்களுக்குப் புரியாது" என்றேன்.

அவர் டீயை ஊற்றினார். அந்த மனிதர் 'இன்னா ஆணி சார்' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எம்.எஸ்ஸி. படித்த எனக்கு ஐந்து மாதமாக அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. எனக்குத் தலைக்கனம், அவருக்குத் தலைக்குள் கனம். பாருங்கள், இதை எழுதும்போதுகூடச் சிலேடை வந்து நிற்கிறது. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. இருக்கட்டும், அடிக்காமல் விடுகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று தெரியட்டும்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். முன்னால் ஒரே ஒருமுறை பார்த்திருந்தேன், முந்தின வருடம் ஆயுத பூஜைக்கு டுட்டோரியலுக்கு வந்திருந்தார். ஊரப்பாக்கம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், பத்தாவது வரை படித்தவர். கணவர் படித்த படிப்பின் மேல் ஏகப்பட்ட மரியாதை. முருங்கைக்காய்க் கட்டை இடுக்கிக்கொண்டு, கூட்டம் இடிக்காத இடமாக என்னைத் தள்ளி நிறுத்தினார்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அவரு வீட்ல பேசறதே குறைஞ்சுபோச்சு. பேசினாலும் எனக்கு ஒண்ணும் புரியல. போன வாரம் எண்ணெய் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, சீயக்காய் வேணும். அதுக்கு 'துருவம் எங்கே, துருவம் எங்கே'ங்கிறாரு. நான் முழிக்கிறேன், அவருக்குக் கோவம் வருது. எனக்குப் படிப்பு பத்தாது. அது உங்க பாடத்துல வர்ற வார்த்தையா டீச்சர்?"

துருவம் பாடத்தில் வருகிற சொல்தான். சீயக்காய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. 'தெரியலைங்க, எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு, வாங்க அவரை ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலாம்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அந்த அம்மாள் பீரோவில் டியூப்லைட் வரையப் போவதில்லை. டீ வாங்கி வரச் சொல்லப் போவதில்லை. இருந்தும் என் வாய் தானாகத் திறந்தது.

"ஓ, அதுவா?" என்று சிரித்தேன். "காந்தத்துக்கு ரெண்டு துருவம் இருக்கு இல்லீங்களா? ஒண்ணு இழுக்கும், ஒண்ணு தள்ளும். எண்ணெய் அழுக்கை இழுக்குது, சீயக்காய் தள்ளுது. அதைத்தான் சொல்லியிருக்காரு. எங்க ஸ்டாஃப் ரூம்ல நாங்க இப்படித்தான் பேசிப்போம். சார் இதுல பெரிய ஆளு."

நின்ற இடத்தில் இட்டுக்கட்டினேன். நன்றாக வேறு இருந்தது. அந்த அம்மாள் முகம் அப்படியே தெளிந்தது.

"அப்பாடா" என்றார். "நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கிட்டேன்னா பாத்துக்கோங்க." கட்டிலிருந்து இரண்டு முருங்கைக்காயை உருவி என் பையில் செருகினார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. மறுநாள் எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார். நான் இரண்டு தரம் வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

அதன் பிறகு மழைக்காலம் பிடித்துக்கொண்டது. நவம்பரில் ஒருநாள் காலை, பத்தரை மணி இருக்கும். நான் என் வகுப்பில் வகைக்கெழு நடத்திக்கொண்டிருந்தேன். ஒட்டுப்பலகைக்கு அந்தப் பக்கம் பிசிக்ஸ். லென்ஸ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று அங்கே கொல்லென்று சிரிப்பு. அடங்கியது. அவர் குரல் ஏதோ சொன்னது, திரும்பவும் சிரிப்பு, முன்னைவிடப் பெரிதாக. பிள்ளைகளும் எங்களிடமிருந்து கற்றுக்கொண்டுவிட்டார்கள். சார் புரியாமல் எதையாவது சொன்னால் சிரிக்க வேண்டும். என் வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தேன். அந்த மனிதருக்கு மட்டும் எப்படி வாய்க்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. மூன்றாவது தடவை சிரிப்பு எழுந்து, பாதியில் நின்றது. பெஞ்ச் ஒன்று விழுந்தது. ஒரு பெண் கத்தினாள்.

நான் போய்ப் பார்த்தபோது அவர் மேடைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவில் கிடந்தார். வலது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். கெமிஸ்ட்ரி சார் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜெபம் சொன்னார். போர்டில் லென்ஸ் படம் போட்டு, அதன் பக்கத்தில் எழுதியிருந்தவை எதுவும் சொற்களாகவே இல்லை. வெறும் சுழிப்புகள், கீழே கீழே சரிந்து போர்டின் ஓரத்தில் முடிந்திருந்தன. டீக்கடை அண்ணன்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தார்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படம் எடுத்ததில் தலையின் இடது பக்கம், பேச்சு இருக்கும் இடத்தில், எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. டாக்டர் சின்ன வயசுக்காரர், முகத்தில் ஒன்றையும் காட்டாதவர். "பேச்சு எப்பலேருந்து மாறிச்சு?" என்று மனைவியிடம் கேட்டார். அவர் பக்கத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியலீங்க டாக்டர். நான் டீச்சரைக் கேட்டேன். அது சயின்ஸ்னு சொன்னாங்க" என்றார். குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். தேதி போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்.

மறுநாள் டாக்டர் தன் அறையில் அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகக் காட்டிக் கேட்டார். "இது ஜோக்கா?" ஆமாம் என்றேன். "எப்படி?" காரம் என்றால் இரண்டு அர்த்தம் என்று விளக்கினேன். "சரி. இது?" சைன் பூஜ்யம், பூஜ்யம் என்று விளக்கினேன். "இது?" மின்தடை. அவர் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக யாருக்கும் அர்த்தம் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டுக் காப்பாற்றிய அத்தனையையும், மருந்து வாசனை அடிக்கும் ஓர் அறையில், ஒவ்வொன்றாகப் பிட்டுப் பிட்டு வைத்தேன். புரட்டிக்கொண்டே வந்து ஜூன் மாதத்தில் விரலை வைத்தார். "அடைப்புக்குறி. இது எப்படி?"

"கணக்குல முதல்ல அடைப்புக்குறியைத்தான் திறக்கணும் டாக்டர். அவருக்குப் பசி..."

"அவர் அப்படிச் சொன்னாரா?"

"இல்ல. நானா நெனச்சுக்கிட்டேன்."

அவர் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். என் மூன்று நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோடு விழுந்தது. தீக்குச்சிக்கு ஒரு கோடு, தராசுக்கு ஒரு கோடு, ஆப்பத்துக்கு ஒரு கோடு. அங்கிருந்து கடைசிவரை எல்லாப் பக்கமும் கோடுதான். "ஜூன்ல தெரிஞ்சிருந்தா வேற மாதிரி ஆகியிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "அதை எப்படிம்மா சொல்ல முடியும்?" என்று நோட்டை மூடித் தந்தார். ஆகியிருக்கும் என்று சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன்.

ஆபரேஷன் ஆயிற்று. முழுவதும் எடுக்க முடியவில்லை என்றார்கள். உயிர் பிழைத்தார், வலது கை வரவில்லை, சொற்கள் வரவில்லை. டுட்டோரியலுக்கு வேறு பிசிக்ஸ் சார் வந்தார். கெமிஸ்ட்ரி சார் ஒரு காலையில் ஈரத் துணியால் பீரோக் கதவைத் துடைத்தார்.

அடுத்த ஏப்ரலில்தான் எனக்கு சேலையூருக்குப் போகத் தைரியம் வந்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முடி வளர்ந்து தழும்பை மறைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது என்பது கண்ணில் தெரிந்தது. மனைவி கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பேசினார். மாத்திரை, பயிற்சி, அவருடைய அண்ணன் வந்து போனது. அப்புறம், குரலை மாற்றாமலே, "அன்னிக்கு மார்க்கெட்ல காந்தம்னு சொன்னீங்களே டீச்சர்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"வீட்டுக்கு வந்ததும் அவர்கிட்டயே சொல்லிச் சிரிச்சேன். எனக்கும் உங்க ஜோக்கு புரிஞ்சுபோச்சுங்க, சீயக்காய் அழுக்கைத் தள்ளுது, அதானேன்னேன். அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அன்னிலேருந்து எங்கிட்ட எதையும் கேக்கறதை விட்டுட்டாரு. அவரே எழுந்து எடுத்துக்குவாரு."

"எனக்கு அன்னிக்குப் புரியலீங்க" என்றேன். "புரிஞ்ச மாதிரி சொன்னேன். நானா கட்டிச் சொன்னது."

அவர் ஒரு சட்டையின் கையை மடித்து, நீவி, அடுக்கின்மேல் வைத்தார். "தெரியும் டீச்சர். ஆஸ்பத்திரியிலேயே தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அப்போது கட்டிலிலிருந்து "குடை" என்று குரல் வந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என்ன சொல்ல, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கம். வாய் தானாக விரிந்தது, சத்தம்கூட வந்தது.

"சிரிக்காதீங்க டீச்சர்" என்றார் அவர் மனைவி. "என்னன்னு கேளுங்க."

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "என்ன சார்? எனக்குப் புரியல" என்றேன். அவரிடம் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"குடை" என்றார் மறுபடியும். தலையை ஆட்டி, அது இல்லை என்றார்.

தண்ணீரா என்றேன். இல்லை. விசிறியா, ஜன்னலைச் சாத்தவா, தலையணையை நிமிர்த்தி வைக்கவா? இல்லை, இல்லை. மனைவி துணியை விட்டுவிட்டு எழுந்து வந்து பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரையா, ரேடியோவா, பாத்ரூமா? நானும் விடவில்லை. கேட்காமல் விட்ட ஐந்து மாதத்தையும் அந்த ஒரு மத்தியானத்தில் கேட்டு முடித்துவிடுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். அப்புறம் வாசல் கதவைக் காட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்தது, உதடு சேர்ந்து சேர்ந்து பிரிந்தது. கடைசியில் வந்தது.

"போங்க" என்றார்.

சொல் சுத்தமாக வந்திருந்தது. அவர் மனைவி என்னைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்ல வாயெடுத்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சார் ஏற்கெனவே சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அவர் அதன் பிறகு நான்கு வருடம் உயிரோடு இருந்தார். நான் போகவில்லை.